மேலூர் வட்டாரத் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்: வரலாறு கேட்கும் பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தினருக்கும்,

வணக்கம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்து பதினோராம் வகுப்புச் சேர்க்கை தொடங்கும் நாட்களில், நம் வட்டாரத்து மேல்நிலைப் பள்ளிகளில் ஆண்டுதோறும் நடக்கிற ஒரு செயலைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். மதிப்பெண் பட்டியலில் மேலே இருக்கும் பிள்ளைகள் முதல் குரூப்புக்கும், அடுத்து வருகிறவர்கள் கணினி அறிவியலுக்கும் வணிகவியலுக்கும் அனுப்பப்பட்டு, எங்கும் இடம் கிடைக்காதவர்கள் என்று கருதப்படுகிறவர்களே வரலாறு உள்ள கலைப்பிரிவில் சேர்க்கப்படுகிறார்கள். இப்படித்தான் சேர்க்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆனாலும் விதியைவிட உறுதியாக இந்த வழக்கம் நிலைத்துவிட்டது. என் எதிர்காலத்தைப் பற்றி நான் கண்டுவரும் கனவு இந்த வழக்கத்தில் மோதித்தான் முதலில் தடுமாறியது என்பதால், எனக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்காக இதை எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

2023-இல் நான் பத்தாம் வகுப்பில் எடுத்த மதிப்பெண்ணுக்கு உயிரியலுடன் கூடிய முதல் குரூப் எளிதாகவே கிடைத்திருக்கும். நான் வரலாறு உள்ள பிரிவைக் கேட்டேன். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்த ஆசிரியர் அதைத் திருப்பிக் கொடுத்து, வீட்டிலிருந்து பெரியவர்களை அழைத்து வரச் சொன்னார். அப்பா வந்து நின்றபோது, நன்றாகப் படிக்கிற பிள்ளையின் வாழ்க்கையை வீணாக்கிவிடாதீர்கள் என்றும், அந்தப் பிரிவு படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கானது என்றும், சேர்க்கைக்காக வரிசையில் நின்ற மற்ற பிள்ளைகளின் காதுபடவே அவரிடம் சொல்லப்பட்டது. அந்த ஆசிரியர் என்மேல் கொண்ட அக்கறையினால்தான் அப்படிப் பேசினார் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அதே பிரிவில் சேருவதற்காகவே வந்து நின்ற பிள்ளைகள் அந்தச் சொற்களைக் கேட்டுத் தலை குனிந்ததை நான் பார்த்தேன். அவர்களில் சிலர் இரண்டு ஆண்டுகள் என்னுடன் படித்தார்கள். அந்தச் சொல்லை அவர்கள் மறக்கவே இல்லை.

அப்பா கிரானைட் குவாரியில் கல்லில் துளை போடும் வேலை பார்த்தவர். 2012-இல் இந்தப் பக்கத்துக் குவாரிகள் நிறுத்தப்பட்டபின், பெரியாறு கால்வாயின் கடைமடையில் இருக்கும் சிறிதளவு நிலத்தை நம்பி வாழ்கிறவர். அவர் அன்றைக்குப் பள்ளியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: இதைப் படித்தால் என்ன வேலைக்குப் போகலாம்? நியாயமான கேள்வி. உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிற எந்தத் தகப்பனும் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பள்ளியில் ஒருவரிடமும் விடை இல்லை. விடை இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் கல்வெட்டியலாளர் ஆக விரும்புகிறேன். நம் மலைகளிலும் கண்மாய்களிலும் கோயில்களிலும் இருக்கும் எழுத்துகளைப் படித்து, முறையாகப் படியெடுத்து, அவை அழிந்துபோவதற்குள் பதிவு செய்வதே என் வாழ்நாள் வேலையாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இந்த விருப்பம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நம் பள்ளிகளின் சன்னல்களுக்கு வெளியே தெரியும் மலைகளைத்தான் காட்ட முடியும். மீனாட்சிபுரத்து ஓவாமலையில் இருக்கும் மாங்குளம் கல்வெட்டுகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. நெடுஞ்செழியன் என்ற பாண்டிய மன்னனின் பெயரும், அவனுடைய அலுவலனாகிய கடலன் வழுதி என்பவன் கணி நந்தன் என்ற சமணத் துறவிக்குப் பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம், அமைத்துக் கொடுத்த செய்தியும், வெள்ளறை நிகமம் என்ற வணிகர் குழு அளித்த கொடையும் அங்கே தமிழி (தமிழ்-பிராமி) என்ற பழைய எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. கீழவளவுப் பஞ்சபாண்டவர் மலையில் தொண்டியைச் சேர்ந்த ஒருவர் செய்வித்த பள்ளியைப் பற்றிய கல்வெட்டில் சில எழுத்துகள் இடவலம் மாறிக் கண்ணாடியில் தெரிவதுபோல் வெட்டப்பட்டிருக்கின்றன. அரிட்டாபட்டிக் கழிஞ்சமலையில் தமிழிக் கல்வெட்டும், சமணத் தீர்த்தங்கரர் சிற்பமும் அதன்கீழ் வட்டெழுத்து என்ற பழைய எழுத்துமுறையில் கல்வெட்டும், பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயிலும் ஒரே ஊரின் எல்லைக்குள் இருக்கின்றன.

இவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது அழகர்மலையில் கிடாரிப்பட்டிப் பக்கம் இருக்கும் குகைத்தளம். மன்னர்களைப் பற்றி மட்டுமே வரலாறு பேசும் என்று நினைத்திருந்த எனக்கு, உப்பு வணிகன் வியக்கன், பணித வணிகன் நெடுமலன், ஏர்க்கொழு விற்றவன், துணி விற்றவன், மதுரைப் பொற்கொல்லன் என்று உழைத்துச் சம்பாதித்த சாதாரண மனிதர்களின் பெயர்கள் அந்தப் பாறையில் வரிசையாக இருப்பதை அறிந்த நாள் மறக்க முடியாதது. பணிதம் என்றால் வெல்லப் பாகு. உப்பும் வெல்லமும் கொழுவும் துணியும் விற்றவர்கள் தங்கள் பணத்தைச் சேர்த்துத் துறவிகளுக்குக் கல்லிலே படுக்கை வெட்டிக் கொடுத்து, அதில் தங்கள் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். மேலூர்ச் சந்தையில் இன்று கடை விரித்திருப்பவர்களுக்கு இரண்டாயிரம் ஆண்டு முந்திய முன்னோடிகள் இவர்கள். இந்தப் பெயர்களை எந்தப் பாடவேளையிலும் நான் கேட்டதில்லை. 2010 முதல் மதுரையைச் சுற்றியுள்ள மலைகளுக்கு மக்களை அழைத்துச் செல்லும் ‘பசுமை நடை’ குழுவினரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தபோதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மாங்குளம் கல்வெட்டுகளை 1882-இல் இராபர்ட் சீவல் கண்டறிந்தார். அவை தமிழ் மொழியில் எழுதப்பட்டவை என்பதை 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக் காட்டினார். அதில் வரும் நெடுஞ்செழியன் சங்ககாலப் பாண்டியன் என்பதை 1960களில் ஐராவதம் மகாதேவன் நிறுவினார். கண்டறிந்ததிலிருந்து தெளிவாகப் படிப்பதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்த எண்பது ஆண்டுகளிலும் அம்மலையில் ஆடு மேய்த்தவர்களும் விறகு பொறுக்கியவர்களும் அந்த எழுத்துகளை அன்றாடம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் அதைப் படிக்கக் கற்றுத் தரவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய எங்களுக்கும் இன்றுவரை கற்றுத் தரப்படவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

நான் விரும்பும் வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால், அது படிப்பு ஏறாதவர்களுக்கான வேலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். கல்லூரியில் சேர்ந்தபின் ஒரு பயிற்சி முகாமில் மைப்படி, அதாவது கல்லில் உள்ள எழுத்தை மையால் தாளில் படியெடுப்பதை, கற்றுக்கொள்ளும் வாய்ப்புக் கிடைத்தது. முதலில் கல்லின்மேல் படிந்திருக்கும் பாசியையும் மண்ணையும், எழுத்து சிதையாதபடி நீரூற்றித் தேய்த்து நீக்க வேண்டும். பிறகு நனைத்த தாளைக் கல்லின்மேல் சுருக்கமில்லாமல் பரப்பி, அடர்ந்த மயிர்க்கற்றை கொண்ட தூரிகையால் தாள் கிழியாமல், ஆனால் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும்படி, சீராக அடிக்க வேண்டும். தாளில் ஈரம் பாதி காய்ந்திருக்கும் பதத்தில், துணிப்பந்தில் மை தொட்டு ஒற்றினால், மேடான பகுதிகள் கறுத்துப் பள்ளமான எழுத்துகள் வெள்ளையாகத் தெரியும். ஈரம் அதிகமானால் மை பரவிவிடும். குறைந்தால் தாள் கல்லை விட்டு எழும்பிவிடும். வெயிலும் காற்றும் எந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று கணித்து வேலையைத் தொடங்க வேண்டும். இவ்வளவும் முடிந்தபின்தான் படிக்கும் வேலை தொடங்குகிறது. அதற்குப் பழந்தமிழ் இலக்கணம் வேண்டும். தமிழி, வட்டெழுத்து, கிரந்தம் ஆகிய எழுத்துகள் வேண்டும். ஆட்சியாண்டைக் கணக்கிட வானியல் குறிப்புகள் வேண்டும். நிலஅளவு, நீர்ப்பங்கீடு, வரி ஆகியவற்றுக்குரிய பழைய சொற்கள் வேண்டும். ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் யானைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையில், கி.பி. 770 அளவில் மாறன்காரி என்ற பாண்டிய அமைச்சர் அக்கோயிலைத் தொடங்கியதையும் அவர் தம்பி மாறன் எயினன் அதை முடித்ததையும் சொல்லும் கல்வெட்டு, வடமொழியில் கிரந்தத்திலும் தமிழில் வட்டெழுத்திலுமாக இருக்கிறது. அதை முழுமையாகப் படிப்பதற்கு இரண்டு மொழிகளும் இரண்டு எழுத்து முறைகளும் தெரிந்திருக்க வேண்டும். மேலூரிலிருந்து மதுரைக்குக் கல்லூரிப் பேருந்தில் போகும்போது நாள்தோறும் அந்த மலையைக் கடக்கிறேன்.

அப்பாவுக்கும் இந்த வேலையில் பங்கு உண்டு. எந்தக் கல் பொரிந்து உதிரும், எந்தக் கல் மழையைத் தாங்கும், உளி எந்தத் திசையில் ஓடியிருக்கிறது என்று கல்லைப் பார்த்த மாத்திரத்தில் அவர் சொல்வதை, தொல்லியல் படித்த பெரியவர்களே கவனமாகக் கேட்டார்கள். நம் வட்டாரத்தில் குவாரியில் உழைத்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தத் துறையில் இயல்பாகவே ஒரு முன்னறிவு இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். இளங்கலை மூன்று ஆண்டு, முதுகலை இரண்டு ஆண்டு. அதன்பின் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை சென்னையில் நடத்தும் தொல்லியல், கல்வெட்டியல் முதுகலைப் பட்டயப் படிப்பு இரண்டு ஆண்டு. பட்டயப் படிப்பில் சேருகிறவர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. மருத்துவப் படிப்பை முடித்து மேற்படிப்பும் படிக்கிறவர்கள் செலவிடும் காலத்தைவிட இது அதிகம் இல்லை. தொல்லியல் அலுவலர் பணியிடங்கள் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியாக நிரப்பப்படுகின்றன. ஒன்றிய அரசின் தொல்லியல் துறையில் கல்வெட்டுப் பிரிவு தனியாக இருக்கிறது. அருங்காட்சியகங்கள், ஆவணக் காப்பகங்கள், கல்லூரிகள் இருக்கின்றன. இந்தப் பணியிடங்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் இதே வரலாற்றுப் படிப்பு குரூப் தேர்வுகளுக்கும் குடிமைப் பணித் தேர்வுக்கும் அடித்தளமாக இருப்பதை எல்லோரும் அறிவார்கள். முதல் குரூப்பில் சேர்ந்து நீட் எழுதுகிற எல்லோருக்கும் மருத்துவ இடம் கிடைப்பதில்லை. அந்தப் பிள்ளைகளிடம் வாழ்க்கையை வீணாக்காதே என்று நாம் சொல்வதில்லை. இந்தக் கணக்கை இரண்டு பக்கமும் ஒரே அளவில் போட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

வாய்ப்புகள் பெருகிவரும் காலம் இது. கீழடியில் 2014–15-இல் தொடங்கிய அகழாய்வு ஒரு தலைமுறையின் மனத்தையே மாற்றியது. அங்கே கிடைத்த கரிமாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 என்று 2019-இல் அறிவிக்கப்பட்டபோது நான் நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு சூலையில் மதுரை நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டதால், சென்னைக்குப் போனால்தான் பார்க்க முடியும் என்று நினைத்திருந்த பல நூல்களை விடுமுறை நாட்களில் அங்கேயே உட்கார்ந்து படிக்கிறேன். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் இல்லாவிட்டால் என் கல்லூரிப் படிப்புக்கு வீட்டில் கடன்தான் வாங்கியிருப்பார்கள். இவ்வளவு கதவுகள் திறந்திருக்கும்போது, பிளஸ் ஒன் சேர்க்கை மேசையில் மட்டும் ஒரு கதவு சாத்தியிருக்கிறது.

அறிவியல் படிக்கிற பிள்ளைகளிடமும் இதைச் சொல்லுங்கள். கீழடிக் கரியின் காலத்தைக் கணித்தது இயற்பியல். கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் முதுமக்கள் தாழிகளில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடப்பது மரபணு ஆய்வு. முதல் குரூப்பில் சேருகிற பிள்ளைக்கும் இந்தத் துறைக்குள் வர வழியிருக்கிறது.

இந்தப் படிப்பினால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நம் வட்டாரத்தில் அண்மையில் நடந்ததையே நினைவூட்டுகிறேன். அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு வந்து இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், அரிட்டாபட்டிப் பகுதியையும் உள்ளடக்கிய 2,015.51 ஹெக்டேர் பரப்பிலான நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் விடப்பட்ட செய்தி வந்தது. ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி விவசாயிகள் பேரணியாகப் போனார்கள். அந்த மாதமே ஏலம் ரத்து செய்யப்பட்டது. நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். என் அப்பத்தாவும் அந்தப் பேரணிக்குப் போனார். அந்த நாட்களில் கண்மாயையும் வயலையும் பற்றிப் பேசியவர்கள் கூடவே குடைவரையையும் கல்வெட்டையும் பற்றிப் பேசினார்கள். இந்த மண் வெறும் தரிசு இல்லை என்று சொல்வதற்கு அவை சான்றாக நின்றன. அப்படிச் சான்றாக நிற்க முடிந்தது, யாரோ சிலர் முன்பே அந்த மலைகளில் ஏறி, படியெடுத்து, படித்து, அச்சிட்டு வைத்திருந்ததனால்தான்.

பதிவு செய்யப்படாதவை இன்னும் எவ்வளவோ இருக்கின்றன. மடைத் தூண்களில் அதைச் செய்து வைத்தவரின் பெயரை வெட்டும் வழக்கம் பாண்டிய நாட்டில் இருந்தது. அப்படிப்பட்ட தூண்கள் கண்மாய்க்குள் சாய்ந்து கிடக்கின்றன. துணி துவைக்கும் கல்லாகவும் களத்துமேட்டுப் படிக்கல்லாகவும் நடுகற்கள் கிடக்கின்றன. திருப்பணி என்ற பெயரில் கோயில் சுவர்களில் மணலை வீச்சடித்ததில் எழுத்துகள் மழுங்கிப்போயிருக்கின்றன. குகைத்தளங்களில் சாக்பீசாலும் பெயிண்டாலும் பெயர் எழுதுகிறவர்களில் நம் பள்ளிகளின் மாணவர்களும் இருக்கிறார்கள்; தாங்கள் எதன்மேல் எழுதுகிறோம் என்பதை அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லாததே காரணம். என் படிப்பு முடிந்தபின் மேலூர் வட்டத்தின் ஒவ்வொரு ஊருக்கும் போய், அங்குள்ள எழுத்துள்ள கல் ஒவ்வொன்றையும் இடம், அளவு, மைப்படி, கல்வெட்டின் வாசகம், ஊரார் அதைப் பற்றிச் சொல்லும் கதை ஆகியவற்றோடு பதிவு செய்து முடிக்க வேண்டும் என்பது என் இலக்கு. ஒருத்தியால் முடிகிற வேலை இல்லை. ஊருக்கு ஒரு பிள்ளையாவது எழுத்து படிக்கத் தெரிந்தவராக இருந்தால் முடியும்.

அது நடக்கக்கூடியதுதான். இராமநாதபுரம் மாவட்டத்தில் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் என்ற ஒன்றை அமைத்து, மாணவர்களுக்குத் தமிழி, வட்டெழுத்து ஆகியவற்றைப் படிக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மாணவர்கள் தங்கள் ஊர்ப்புறத்துப் பழம்பொருள்களைத் தாங்களே தேடிக் கண்டெடுத்தும் இருக்கிறார்கள். மலையும் குகையும் பக்கத்திலேயே இருக்கும் நம் பள்ளிகளில் அப்படி ஒரு மன்றம் தொடங்க என்ன தடை? மதுரையில் பாண்டியநாட்டு வரலாற்று ஆய்வு மையத்தில், தொல்லியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அறிஞர்கள் இருக்கிறார்கள். அழைத்தால் வந்து கற்றுக் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது.

ஆகவே, தலைமையாசிரியர்களே, வரும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுக்கு முன்பாக, பெற்றோரை அழைத்து ஒரு கூட்டம் நடத்துங்கள். ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழிகாட்டுதலில் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியை வரலாறு, தொல்லியல், கல்வெட்டியல் படிப்புகளுக்கும் ஒதுக்கி, எங்கே படிக்கலாம், எத்தனை ஆண்டு, என்ன வேலை என்பதைப் பெற்றோருக்கு விளங்கும்படி சொல்லுங்கள். சேர்க்கை நாளில், அதிக மதிப்பெண் எடுத்த ஒரு பிள்ளை வரலாறு கேட்டால், ஏன் என்று ஒருமுறை கேளுங்கள். அந்தப் பிள்ளை காரணம் சொன்னால் விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்கள். குறைந்த மதிப்பெண் எடுத்த பிள்ளை கேட்டாலும் அதே மரியாதையோடு நடத்துங்கள். மாணவர் எண்ணிக்கை குறைவு என்று கலைப்பிரிவை மூட நினைக்கும் பள்ளிகள், எண்ணிக்கை ஏன் குறைந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பெற்றோர் ஆசிரியர் கழகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். எங்கள் வீட்டில் அப்பா கடைசியில் என் பக்கம் நின்றதனால் நான் இங்கே இருக்கிறேன். எல்லா வீட்டிலும் அப்படி நடக்காது. குறிப்பாக, பெண்பிள்ளை மலையேறும் வேலைக்குப் போவதா என்று கேட்கும் வீடுகளில் நடக்காது. அந்த வீடுகளில் பேசுவதற்கு ஊரில் மதிப்புள்ளவர்கள் நீங்கள்தான்.

வட்டெழுத்தின் அகரவரிசையையும் தமிழி எழுத்துகளையும் தொடக்க நிலையில் கற்றுக் கொடுக்கும் அளவுக்கு எனக்கு இப்போது பயிற்சி இருக்கிறது. சனிக்கிழமைகளில் எந்தப் பள்ளி அழைத்தாலும் வரத் தயாராக இருக்கிறேன். என்னோடு கல்லூரியில் படிக்கும் தோழிகள் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தாளும் கரும்பலகையும் இருந்தால் போதும். ஊதியம் எதுவும் வேண்டாம். முதல் வகுப்பை முடித்துவிட்டு, பிள்ளைகளை அந்தந்த ஊருக்குப் பக்கத்து மலைக்கு அழைத்துப் போக உங்கள் அனுமதியும், உடன் வர ஓர் ஆசிரியரும் வேண்டும். ஆண்டுத் தேர்வு முடிந்து கோடை விடுமுறை தொடங்குவதற்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மேலூர் வட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த மாணவி,
இளங்கலை வரலாறு, முதலாம் ஆண்டு, மதுரை.